உரோமர் ஆட்சியில் யவனர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற ஆண்டு நம் சங்கத்தில் நடைபெற்ற இலக்கிய வகுப்பில் ஒரு வினா எழுந்தது. முசிறித் துறைக்குப் பொன் கொண்டுவந்து மிளகு ஏற்றிச் சென்றதாக அகநானூறு கூறும் யவனர் யாவர்? கிரேக்கர் என்றார் ஒருவர். உரோமர் என்றார் மற்றொருவர். நேரம் ஆகிவிட்டமையால், இருவர் கூற்றும் சரியே என்று சொல்லி வகுப்பை முடித்துவிட்டோம். இருவர் கூற்றும் எவ்வாறு சரியாகும் என்ற ஐயம் மட்டும் என்னை விடவில்லை. ஒருவன் ஒரே வேளையில் கிரேக்கனாகவும் உரோமனாகவும் இருத்தல் கூடுமா? அதனைத் தேடிப் படித்ததன் பயனே இன்றைய பேச்சு.

முதலில் ஒரு சரக்குச் சீட்டைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். இரயில்வே சரக்கு அலுவலகத்தில் நாள் முழுதும் சீட்டெழுதும் என் போன்றவனுக்கு வேறு எதில்தான் ஆவல் பிறக்கும்? ஆஸ்திரிய நாட்டு வியன்னா நகரில், எகிப்திலிருந்து கிடைத்த பாப்பிரசு ஏடு ஒன்று பாதுகாக்கப்பட்டு வருகிறது. 1985-ஆம் ஆண்டில் அச்சேறிய அவ்வேடு கி.பி. 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. முசிறி வாணிபத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய உடன்படிக்கை அதன் ஒரு பக்கத்தில் இருக்கிறது. மறு பக்கத்தில், ‘ஹெர்மபோல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு இருக்கிறது. யானைத் தந்தம் இவ்வளவு, கங்கைச் சமவெளியிலிருந்து வந்த நறுமணத் தைலப் பொருள் இவ்வளவு, நிறை இவ்வளவு, மதிப்பு இவ்வளவு என்று ஒழுங்காக எழுதியிருக்கிறார் எவரோ ஒரு குமாஸ்தா. சரக்கின் மதிப்பில் நான்கில் ஒரு பங்கு சுங்கம். அச்சுங்கத்தை வாங்குவது உரோமப் பேரரசு. சரக்கு வந்து இறங்கும் எகிப்து, உரோமர் ஆளும் மாகாணம். ஆனால் ஏட்டின் மொழியோ கிரேக்கம். கப்பலின் பெயரும் ஹெர்மிஸ், அப்பொல்லோ என்னும் இரண்டு கிரேக்கத் தெய்வங்களின் பெயரை இணைத்து வைத்த பெயர்.

செங்கடல் வழியாக நம் நாட்டுத் துறைமுகங்களுக்கு வரும் பாதையை விளக்கிக் கூறும் ‘பெரிப்ளூஸ்’ என்ற நூலும் இத்தகையதே. கி.பி. முதல் நூற்றாண்டில், எகிப்தில் வாழ்ந்த பெயர் தெரியாத வணிகர் ஒருவர் அதனைக் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார். ஆகவே, நம் முன்னோர் முசிறியில் கண்டவர்களுள் பலர் உரோமப் பேரரசின் குடிகளாய்க் கிரேக்கம் பேசியவர்களே ஆவர். கையிலிருந்த நாணயத்தில் உரோமச் சக்கரவர்த்தியின் தலை பொறித்திருந்தது. எனினும் நம்மவர் அவர்களை அழைத்த பெயர் ‘யவனர்’ என்பது. கிரேக்க இனத்தாருள் ஒரு பிரிவினரான ஐயோனியரின் பெயர் மேற்கு ஆசிய நாடுகளின் வழியே மருவி வந்த சொல் அது. நாட்டை இழந்தும் பெயரை இழக்காமல் அவர்கள் நம் துறைமுகம் வரை வந்திருக்கின்றனர். அவர்கள் நாட்டை இழந்த வரலாற்றைச் சற்றே பார்ப்போம்.

கி.மு. 196-ஆம் ஆண்டில் கொரிந்து நகருக்கு அருகே இஸ்துமிய விளையாட்டு விழா நடந்தது. மாசிடோனிய மன்னனை முறியடித்திருந்த பிளாமினினஸ் என்னும் உரோமத் தளபதி, கிரேக்கர் இனிச் சுதந்தரர், கப்பம் கட்ட வேண்டுவதில்லை, தம் சட்டப்படி வாழலாம் என்று அங்கே அறிவிக்கச் செய்தான். மக்கள் எழுப்பிய ஆரவாரத்தின் அதிர்ச்சியில், வானிற் பறந்துகொண்டிருந்த காக்கைகள் மைதானத்தில் விழுந்தன என்று புளூடார்க் எழுதுகிறார். காக்கை விழுந்ததோ இல்லையோ, மகிழ்ச்சி மெய்யானது. ஐம்பதே ஆண்டுகள் கழிந்தன. கி.மு. 146-இல் மும்மியஸ் என்ற மற்றொரு உரோமத் தளபதி அதே கொரிந்து நகரைக் கொளுத்தினான். ஆடவரைக் கொன்று, பெண்டிரையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றான். நகரிலிருந்த சிற்பங்களும் ஓவியங்களும் கப்பலேறின. அவற்றை ஏற்றிச் செல்ல ஒப்பந்தம் எடுத்தவர்களிடம், வழியில் தொலைந்து போனால் அவற்றுக்கு ஈடாகப் புதியவை செய்து தரவேண்டும் என்று மும்மியஸ் எச்சரித்தானாம். சரக்கு தொலைந்தமைக்கு நட்ட ஈடு கேட்டு வரும் விண்ணப்பங்களை நானும் நிரம்பப் பார்த்திருக்கிறேன். பேரோவியத்துக்குப் பதிலாகப் பேரோவியம் கேட்டவரை இன்னும் பார்த்ததில்லை.

கொரிந்து விழுவதற்கு முன்னரே, கி.மு. 167-இல், அக்கேயா நாட்டைச் சேர்ந்த ஆயிரம் பெரியோர்களைப் பிணையாளிகளாக உரோமர் இத்தாலிக்குக் கொண்டு சென்றனர். அவர்களுள் ஒருவர் பொலிபியஸ். பதினேழு ஆண்டுகள் கழித்து ஊர் திரும்ப அனுமதி கிடைத்தபொழுது எஞ்சியிருந்தவர் முந்நூறு பேர் அளவே. உரோம ஆட்சிமன்றத்தில் இதைப் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. அப்பொழுது முதியவரான காட்டோ எழுந்து, சில கிழட்டுக் கிரேக்கரை இங்குள்ள வெட்டியான் புதைப்பதா, அங்குள்ள வெட்டியான் புதைப்பதா என்று நாள் முழுதும் பேசுவதைவிட நமக்கு வேறு வேலை இல்லையா என்ற கருத்தில் பேசினார். அந்த ஏளனத்தினாலேயே அவர்களுக்கு விடுதலை கிடைத்தது. பொலிபியஸ் தம் நாடு கெட்ட கதையைப் பாட்டாகப் பாடி அழவில்லை. ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில் உரோமர் எவ்வாறு உலகாள வந்தனர் என்று ஆராய்ந்து நாற்பது புத்தகங்கள் எழுதினார்; கிரேக்க மொழியில், கிரேக்கர் படிப்பதற்காக எழுதினார். அவருக்கு முன்னர், உரோமர் குலத்தில் பிறந்து முதன்முதல் தம் நாட்டு வரலாறு எழுதிய பாபியஸ் பிக்டர் என்பவரும் கிரேக்கத்திலேயே எழுதினார் என்பதை இங்கு நினைவூட்டுகிறேன்.

இங்கேதான் வியப்பான செய்தி தொடங்குகிறது. வென்றவன் மொழியைத் தோற்றவன் கற்பது உலக இயல்பு. கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் அது நடக்கவில்லை. படைக்கும் உரோமக் குடிகளின் வழக்குகளுக்கும் இலத்தீன் இருந்தது. ஊராட்சியும், பள்ளியும், கோயிலும், கடைவீதியும் கிரேக்கத்தில் நடந்தன. உரோம ஆளுநர் ஆணை பிறப்பித்தால், அதனைக் கிரேக்கத்திற் கல்லில் வெட்டி வைத்தனர். கிளாடியஸ் சக்கரவர்த்தியின் முன் லைசியா நாட்டிலிருந்து தூது வந்தவன் ஒருவன் உரோமக் குடியுரிமை பெற்றவன், சக்கரவர்த்தி இலத்தீனில் வினவினார், அவனுக்கு விளங்கவில்லை. உரோமர் மொழி தெரியாதவன் உரோமனாக இருக்கலாகாது என்று அவன் குடியுரிமையைப் பறித்துவிட்டார். அந்த ஒருவன் அகப்பட்டுக்கொண்டான். அகப்படாதவர் எத்தனை பேரோ! உயர்குடி உரோமரோ தம் பிள்ளைகளுக்குக் கிரேக்க ஆசிரியரை வைத்துச் சொல்லிக் கொடுத்தனர். கி.பி. 161 முதல் 180 வரை ஆண்ட மார்க்கஸ் அரேலியஸ், போர்க்களக் கூடாரத்திலும் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட சிந்தனைகளைக் கிரேக்கத்தில்தான் எழுதினார். அடிமைப்பட்ட கிரேக்கம் தன்னை அடிமைப்படுத்தியவனை வென்ற கதையாக இதனைப் பாடிய உரோமக் கவிஞர் உண்டு. அப்பாட்டை மேடைதோறும் எடுத்துக்காட்டுவர். நான் எடுத்துக்காட்டப் போவதில்லை. வெற்றி என்று சொல்லிவிட்டால், அதற்குக் கொடுத்த விலை மறைந்துவிடும்.

அவ்விலையை நன்கறிந்தவர் புளூடார்க். ‘இணை வரலாறுகள்’ எழுதிய அவர் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு கிரேக்கப் பெரியார், ஒரு உரோமப் பெரியார் என்று இருவரை இருவராக நிறுத்தி எடைபோடும் நூல் அது. கிரேக்கத்தின் நடுப்பகுதியிலுள்ள கெய்ரோனியா என்னும் சிற்றூரில் கி.பி. 46-ஐ ஒட்டிப் பிறந்தவர். அவர் கொள்ளுப்பாட்டனார் சொல்லக் கேட்டு வழிவழியாக வீட்டில் வழங்கிய கதையொன்றை அவரே எழுதி வைத்திருக்கிறார். கி.மு. 31-இல் ஆக்டியம் கடற்போர் நிகழ்வதற்கு முன், அந்தோனியின் படைக்குக் கோதுமை வேண்டியிருந்தது. ஊரார் ஒவ்வொருவரும் அளந்து கொடுத்த கோதுமையைத் தோளிற் சுமந்து கடற்கரைக்குக் கொண்டு செல்லவேண்டும், பின்னால் சாட்டையடி. ஒரு முறை சுமந்து சென்றாயிற்று. இரண்டாம் சுமையை அளந்து தூக்கப்போகும் தறுவாயில், அந்தோனி தோற்றான் என்ற செய்தி வந்தது. காவல் நின்ற வீரர் ஓடிவிட்டனர். ஊரார் கோதுமையைப் பங்கிட்டுக்கொண்டனர். சாட்டையடி பட்டவரின் கொள்ளுப்பேரனே உரோமக் குடியுரிமை பெற்று, உரோமப் பிரமுகர்களோடு விருந்துண்டு, உரோமப் பெரியோர் வரலாற்றை எழுதியவர். அவர்க்கு மெஸ்திரியஸ் புளூடார்க் என்ற உரோமப் பெயரும் இருந்தது. தெல்பியில் கிடைத்த கல்வெட்டொன்றினால் அதனை அறிகிறோம். அவர் எழுதிய நூற்பரப்பில் ஓரிடத்திலேனும் அப்பெயரைத் தமக்கு இட்டுக்கொண்டாரில்லை. இலத்தீன் நூல்களைப் படிக்கத் தொடங்கியதும் வயதான பிறகே என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லுகிறார்.

ஊராட்சிப் பொறுப்பேற்கும் இளைஞர் ஒருவருக்கு அவர் எழுதிய அறிவுரை நூல் ஒன்று உண்டு. அதனைப் படிக்கும்பொழுது எனக்கு மனம் கனத்தது. நீ ஆள்கிறாய், ஆனால் உன்னையும் ஆள்பவர் உளர் என்பதை மறவாதே, உன் தலைக்கு மேல் உரோம ஆளுநரின் காலணி இருக்கிறது, மரத்தான் போர், பிளாட்டேயாப் போர் என்று பழம்பெருமை பேசி மக்களைக் கிளறிவிடாதே, அவை பள்ளிக்கூடத்துச் சொற்பயிற்சிக்கு ஆகட்டும் என்னும் பொருள்பட எழுதுகிறார். இது கோழைத்தனமா, விவேகமா? நான் பலநாள் எண்ணிப் பார்த்தேன். கொரிந்தின் சாம்பலைக் கேள்வியுற்று வளர்ந்த ஒருவர் வேறு எவ்விதம் சொல்லியிருக்க முடியும் என்றே தோன்றுகிறது. ஆனால் அதே நூலில், வம்பு வழக்குகளை உள்ளூரிலேயே தீர்த்துக்கொள்ளாமல் ஒவ்வொன்றுக்கும் ஆளுநரிடம் ஓடுகிறவர்களைக் கடிந்துரைக்கிறார்: காலில் பூட்டிய விலங்கு போதாதென்று கழுத்தையும் நீட்டுகிறீர்கள் என்கிற கருத்தில். எஞ்சியிருந்த அந்தச் சிறு உரிமையைக் காப்பதில் அவர் கண்ணாயிருந்தார். ஊர்க் கட்டட வேலைக்கு ஓடும் கல்லும் சுண்ணாம்புக் காரையும் வந்து இறங்கும்பொழுது தாமே நின்று எண்ணி அளந்து பார்ப்பாராம். பேரறிஞர் ஓடு எண்ணலாமா என்று வெளியூரார் சிரித்தனர். எனக்காக எண்ணினால் இழிவு, ஊருக்காக எண்ணுகிறேன் என்பது அவர் விடை. உரோமில் வாழ்ந்திருக்கலாம், ஏதென்ஸில் வாழ்ந்திருக்கலாம். தாமும் வெளியேறினால் சிற்றூர் மேலும் சிறுத்துவிடும் என்று கெய்ரோனியாவிலேயே இருந்துவிட்டார். தெல்பித் திருக்கோயிலில் பூசகராகவும் பல்லாண்டுகள் பணி செய்தார்.

இவர் காலத்தில்தான் நீரோ சக்கரவர்த்தி கிரேக்கத்துக்கு எழுந்தருளினான். அவன் வருகைக்காக ஒலிம்பிய விழாவை நாள் மாற்றி வைத்தனர். பத்துக் குதிரை பூட்டிய தேரை ஓட்டி இடையிற் கீழே விழுந்தவனுக்கே வாகை சூட்டினர். அக்களிப்பில், கி.பி. 67-இல், அதே இஸ்துமியத் திடலில், கிரேக்கர் யாவரும் சுதந்தரர் என்று நீரோ அறிவித்தான். சில ஆண்டுகளில் வெஸ்பேசியன் பட்டத்துக்கு வந்து, கிரேக்கருக்குச் சுதந்தரமாயிருக்கும் வித்தை மறந்துவிட்டது என்று சொல்லி அதனை நீக்கிவிட்டான். நீரோவின் கொடுமையை அறியாதவரல்லர் புளூடார்க். ஆயினும் மறுமையைப் பற்றி அவர் எழுதிய கதையொன்றில், நீரோவின் உயிருக்கு நச்சுப் பாம்புப் பிறவி கொடுக்கப் போகுந் தருணத்தில், இவன் கிரேக்கருக்கு விடுதலை தந்தவன் ஆதலின் இரங்குக என்று ஒரு குரல் எழுகிறது. உடனே பாம்புப் பிறவியை மாற்றி, நீர்நிலைகளில் பாடித் திரியும் பிராணியாக, அதாவது தவளையாக, பிறக்கவைக்கின்றனர். நீரோ தன்னைப் பெரும் பாடகனாக எண்ணியவன் என்பதை நினைத்தால் நகைச்சுவை விளங்கும்.

இனி, கிரேக்க நாட்டை விட்டு வடக்கே வெகு தொலைவு போவோம். கருங்கடலின் வடகரையில், இன்றைய உக்ரைன் நாட்டில், ஒல்பியா என்றொரு குடியேற்றம் இருந்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் கிரேக்கர் சென்று குடியேறிய ஊர். சுற்றிலும் சிதியர் முதலிய வேற்றினத்தார். கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியையொட்டி, புரூசா நகரத்து டியோன் என்னும் நாவலர் அங்கே சென்று கண்டவற்றை ஓர் உரையாக ஆக்கியிருக்கிறார். நான் படித்தவற்றுள் என் நெஞ்சைவிட்டு நீங்காதது இவ்வுரையே.

ஊர் பகைவரால் பலமுறை அழிக்கப்பட்டுச் சிறுத்திருந்தது. கோயில்களில் பின்னமடையாத திருமேனி ஒன்றுகூட இல்லை. மக்கள் கால்சட்டையும் கறுப்புப் போர்வையுமாகச் சிதியர் உடையே உடுத்தியிருந்தனர். சுற்றுப்புறத்து மொழிகளின் கலப்பினால் அவர்களின் பேச்சிற் கிரேக்கம் திருந்திய உருவில் இல்லை. ஆனால், ஏறத்தாழ எல்லாருக்கும் ஹோமரின் இலியாது காவியம் மனப்பாடம்! அக்கிலீஸ் என்னும் வீரனை அவர்கள் தெய்வமாக வழிபட்டனர். ஆகவே அவன் காவியமே அவர்களுக்கு வேதம். முன்னாள் நண்பகலில்தான் சிதியர் தாக்கிக் காவலர் சிலரைக் கொன்று, சிலரைச் சிறைபிடித்துச் சென்றிருந்தனர். கோட்டைக் கதவு சாத்தியிருக்கிறது. போர்க்கொடி மதிலில் ஏறியிருக்கிறது. அந்நிலையிலும், கிரேக்க நாட்டிலிருந்து பேசத் தெரிந்த ஒருவர் வந்திருக்கிறார் என்று கேட்டதும், ஆயுதம் தாங்கியபடியே ஊரார் திரண்டு வந்து, சீயஸ் கோயிலின் முன்றிலிற் கூடினர். முதியோரும் தலைவரும் படிகளில் அமர்ந்தனர், மற்றவர் நின்றனர். டியோன் பேசத் தொடங்கியதும் முதியவர் ஒருவர் குறுக்கிட்டு, இங்கு வருபவர் பெரும்பாலும் பெயரளவிற் கிரேக்கரான வணிகர், அவர்கள் மட்டமான துணியையும் மட்டமான மதுவையும் விற்றுப் போகிறவர்களேயன்றி நல்ல சொல் கொண்டுவருபவரல்லர், ஆதலின் பிளேட்டோவைப் போலப் பேசுக என்று வேண்டிக்கொண்டார். தமக்குப் பேச்சுத் திருந்தவில்லை என்பதும் அவருக்குத் தெரியும். அதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறார்.

அக்கூட்டத்தில் எல்லாரும் பழைய கிரேக்கரைப் போலத் தாடி வளர்த்திருந்தனர். ஒருவன் மட்டும் முகம் மழித்திருந்தான். உரோமருக்கு நல்லவனாவதற்கே மழித்தான் என்று ஊரார் அனைவரும் அவனை ஏசினராம். அவன் பக்கத்து நியாயம் யாதென டியோன் கேட்டு எழுதவில்லை. அவனும் ஏதேனும் ஓர் அலுவலை நாடிச் சென்றவனாக இருக்கலாம். பிழைப்புக்காக முகம் மழிப்பவனை ஏசுவது எளிது. நாமெல்லாரும் மழித்த முகத்தோடுதான் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.

நம் காலனிப் பிள்ளைகள் தெருவில் இந்தியில் விளையாடி, வீட்டில் பாதித் தமிழும் பாதி இந்தியுமாகப் பேசி, ஆண்டு விழாவன்று மேடையேறித் திருக்குறளைப் பிழையின்றி ஒப்பிப்பதை இன்று மாலை கண்டோம். பொருளறியாத ஒப்பித்தலால் என்ன பயன் என்று சென்ற செயற்குழுக் கூட்டத்தில் ஓர் அன்பர் கேட்டார். எனக்கு ஒல்பியா நினைவுக்கு வந்தது. ஆயினும் கூட்டத்தில் அதைச் சொல்ல நேரமில்லை. இப்பொழுது சொல்லிவிட்டேன்.

ஒல்பியாவில் இருந்த பற்றே பெருநகரங்களில் வேறு வடிவம் கொண்டது. உரோமர் காலத்துக் கற்றறிந்த கிரேக்கர், ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸில் வழங்கிய ‘அத்திக்’ நடையிலேயே எழுதவும் பேசவும் வேண்டும் என்று முனைந்தனர். தாயிடம் கற்ற பேச்சு ஒன்று. மேடையில் பேசுவது மற்றொன்று. எந்தச் சொல் முன்னோர் ஆட்சியில் உண்டு, எது இல்லை என்று காட்ட அகராதிகள் எழுந்தன. பிரைனிக்கஸ் என்பவர் தொகுத்த பட்டியல் இன்றும் கிடைக்கிறது. இப்படிச் சொல்லாதே, அப்படிச் சொல் என்று வரிக்கு வரி குட்டு வைப்பார். கி.பி. 200-ஐ ஒட்டி எகிப்து நாட்டு அதினேயஸ் எழுதிய விருந்து நூலில், உல்பியன் என்றொரு பாத்திரம் வருகிறான். இலையில் விழும் ஒவ்வொரு பண்டத்தின் பெயரும் பழைய நூல்களிற் காணப்படுகிறதா, காணப்படவில்லையா என்று கேட்டு விடை பெறாமல் அவன் வாயில் வைக்கமாட்டான். ‘உண்டா இல்லையா’ என்பதே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. நம் சங்கத்திலும் இத்தகைய பெரியோர் இருக்கிறார்கள். உணவு ஆறிவிடும் என்று மட்டும் அவர்களுக்குப் பணிவுடன் சொல்லுகிறேன்.

இந்த மொழிவெறியிலிருந்தே எவரும் எதிர்பாராத நன்மை ஒன்றும் விளைந்தது. கற்றால் வரும் மொழிதான் கிரேக்கனின் அடையாளம் என்றால், கற்பவன் எவனும் கிரேக்கன் ஆகலாமன்றோ? யூப்ரடீஸ் ஆற்றங்கரைச் சமோசாட்டா ஊரில் பிறந்த லூசியன், தாம் இளமையிற் சிரிய நாட்டு அங்கியணிந்து அயலார் பேச்சுப் பேசித் திரிந்தவர் என்று தாமே எழுதுகிறார். அவர் எழுதிய அத்திக் நடையோ ஏதென்ஸில் பிறந்தவரும் பொறாமைப்படும் நடை. இன்றைய பிரான்சில் உள்ள ஆர்ல் நகரத்துக் கால் இனத்தவர் பேவரைனஸ். அவர் கிரேக்கத்திற் பேசினால், கிரேக்கம் தெரியாத உரோமரும் குரலின் இனிமைக்காகவே வந்து அமர்ந்தனராம். கொரிந்தியர் அவருக்குச் சிலை எடுத்தனர். பின்பு சக்கரவர்த்தியின் மனம் அவர்பால் திரும்பியது கண்டு சிலையை இறக்கிவிட்டனர். கொரிந்தியரை வாதிட்டு அவர் ஆற்றிய உரை இன்றும் உள்ளது. பிறப்பாற் காலனாகிய தாம் கல்வியாற் கிரேக்கன் ஆனது போல, கி.மு. 44-இல் உரோமரால் மீண்டும் குடியேற்றப்பட்ட கொரிந்தும் பிறப்பால் உரோமமாக இருந்து பழக்கத்தாற் கிரேக்கமானதே என்று, மென்மையாக, ஆனால் சுருக்கென்று நினைவூட்டுகிறார்.

பிறப்பா கல்வியா என்ற இவ்வினாவை ஆட்சியாளரும் விட்டுவைக்கவில்லை. கிரேக்கத்தின்பால் மிக்க காதல் கொண்டவர் ஹேட்ரியன் சக்கரவர்த்தி. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக முடியாமற் கிடந்த ஏதென்ஸ் நகரத்துச் சீயஸ் பெருங்கோயிலை முடித்தவர் அவரே. கி.பி. 131-32-இல் ‘பான் ஹெலினியோன்’ என்ற அனைத்துக் கிரேக்கர் மன்றத்தை ஏதென்ஸில் நிறுவினார். அதிற் சேர விரும்பிய நகரங்கள் தம் கிரேக்க வமிசத்தை எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது. சிறிய ஆசியாவின் உட்பகுதியில் இருந்த கிபைரா நகரத்தார், தாங்கள் ஸ்பார்ட்டாவின் வழிவந்த குடியினர், ஏதென்ஸாருக்கு உறவினர் என்று கல்வெட்டே வைத்துக்கொண்டனர். கிரேக்கன் யார் என்பதைக் கிரேக்கர் கூடித் தீர்மானிக்க, அக்கூட்டத்தைக் கூட்டித் தருபவர் உரோமச் சக்கரவர்த்தி! இதை மகிழ்ச்சியோடு படிப்பதா, வருத்தத்தோடு படிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை.

இரண்டு செய்திகளை வருத்தத்தோடே சொல்லவேண்டும். ஸ்பார்ட்டாவில் ஆர்ட்டிமிஸ் ஓர்த்தியா கோயிலின் முன் சிறுவர்கள் சாட்டையடியைப் பொறுத்து நிற்கும் பழைய சடங்கு ஒன்று இருந்தது. உரோமர் காலத்தில் அது காட்சிப் பொருளாகிவிட்டது. அடி தாங்காமற் சிறுவர் உயிர்விட்டதைத் தாம் கண்டதாகப் புளூடார்க் எழுதுகிறார். கி.பி. 3-ஆம் நூற்றாண்டில், பார்ப்பவர் வசதிக்காகக் கல்லால் அரங்கமே கட்டினர். ரோட்ஸ் தீவிலோ, உரோம அதிகாரிகளுக்குச் சிலை எடுக்கவேண்டிய கட்டாயம் அடிக்கடி வந்தது, செலவும் மிகுந்தது. ஆகவே முன்னோர் சிலைகளின் பீடத்திற் பழைய பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு, புதிய அதிகாரியின் பெயரை வெட்டத் தொடங்கினர். முன்பு கூறிய டியோனே அவர்களிடம் நீண்ட உரையாற்றி இதைக் கண்டித்தார். எவர் பெயரையும் கெடுக்காமல், எவருக்கும் பணச் செலவில்லாமல் நடந்த சிக்கனமான ஏற்பாடு என்று ரோட்ஸ் நகரசபையார் கருதியிருப்பர். கோப்புகளைக் கையாளுபவர்க்கு இத்தகைய சிக்கனம் புதிதன்று.

கி.பி. 212-இல் கரக்கல்லா சக்கரவர்த்தி, பேரரசில் வாழ்ந்த அடிமையல்லாத மக்கள் ஏறக்குறைய அனைவருக்கும் உரோமக் குடியுரிமை வழங்கினான். அன்று முதல் கிரேக்கர் யாவரும் சட்டப்படி உரோமர். அடுத்த நூற்றாண்டில் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்தது. அரசாங்க உத்தியோகத்துக்கு இலத்தீனும் சட்டமும் வேண்டும் என்ற நிலை அப்பொழுதுதான் கிழக்கில் வலுத்தது. அந்தியோக்கியா நகரில் கிரேக்க நாவன்மை கற்பித்த லிபானியஸ் என்ற முதுபேராசிரியர், தம் மாணவரெல்லாம் பெய்ரூட் நகரச் சட்டக் கல்லூரிக்கு ஓடுகின்றனரே என்று புலம்பியிருக்கிறார். அவர் அஞ்சியதுபோல் கிரேக்க மொழி அழியவில்லை. சில நூற்றாண்டுகளில் இலத்தீனே கிழக்கில் மறைந்தது. அழிந்தது வேறொன்று. கிறித்துவ சமயம் பரவியபின், ‘ஹெலின்’, அதாவது கிரேக்கன், என்னும் சொல் பழைய தெய்வங்களை வணங்குபவன் என்று பொருள்படலாயிற்று. கிறித்துவராகிவிட்ட கிரேக்கர் அப்பெயரைத் தமக்கு இட்டுக்கொள்ளக் கூசினர். அவர்கள் தம்மை ‘ரோமையோய்’, அதாவது உரோமர், என்று கிரேக்க மொழியிலேயே சொல்லிக்கொண்டனர். 1453-இல் கான்ஸ்டாண்டிநோபிள் துருக்கியர் வசமான பின்னரும் அப்பெயர் நீடித்தது. 1821-இல் விடுதலைப் போர் தொடங்கிப் புதிய நாடு எழுந்தபொழுதுதான், ‘ஹெலின்’ என்ற பழம்பெயரை அந்நாடு முறையாக மீட்டெடுத்தது.

இலெம்னோஸ் தீவில் பிறந்து பின்னர் அமெரிக்காவில் வரலாற்றுப் பேராசிரியராக விளங்கியவர் பீட்டர் கரானிஸ். 1912-இல் கிரேக்க நாட்டுக் கடற்படை அத்தீவைத் துருக்கியரிடமிருந்து கைப்பற்றியபொழுது அவர் சிறுபிள்ளை. ஊர் முற்றத்தில் வந்து நின்ற போர்வீரர்களைக் காணப் பிள்ளைகள் ஓடினர். என்ன பார்க்கிறீர்கள் என்று வீரன் ஒருவன் கேட்டான். ஹெலின்களைப் பார்க்கிறோம் என்றனர் பிள்ளைகள். நீங்கள் ஹெலின்கள் இல்லையா என்று அவன் கேட்டான். இல்லை, நாங்கள் உரோமர் என்று அப்பிள்ளைகள் விடை கூறினர். கூறியது கிரேக்க மொழியில்.